ஏழாம் எண் சீட்டு

— ஒரு நாள் வைத்திரும் என்றுதானே பெட்டியை இறக்கினேன்? திறக்கச் சொன்னேனா, சமத் பாய்?

— தெறக்காம எப்படி ரகம் பிரிக்கிறது, ஜெயகரன் வாத்தியாரே? இலை அச்சு விழுந்த கல்லு ஒரு கட்டு. சிப்பி விழுந்தது ஒரு கட்டு. ஒண்ணுமில்லாத வெறுங்கல்லு, கழிசல். ஆம்பூர் தோல் மண்டியில இருபது வருசமா ரகம் பிரிக்கிற கை, சும்மா இருக்குமா?

— கழிசலா! ஸ்ரீபெரும்புதூரில் கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கி, அடியிலிருந்து மேல்வரை அடுக்கு அடுக்காகப் பெயர்த்தெடுத்த பாறை ஐயா! பதினொரு கல்லுக்கும் எண்ணிட்டுச் சீட்டு ஒட்டியிருந்தேனே, அவை எங்கே?

— ஈரத்துணி வெச்சு உரிச்சுட்டேன். வந்த சீட்ட மொதல்ல உரிக்கிறது எங்க வழக்கம்.

— பல கோடி ஆண்டுகளை ஒரே மத்தியானத்தில் கலைத்துப்போட்ட மேதாவிக்கு வழக்கம் வேறு! நாளைக் காலையில் பெங்களூர் வண்டியில் பாறை ஆராய்ச்சி துரை வருகிறார், தெரியுமா?

— வரட்டுமே. சாயா வாங்கிக் குடுத்தா போச்சு.

— அவர் சாயா குடிக்கவா வருகிறார்? அந்த இலைகளும் சிப்பிகளும் ஒரே காலத்துச் சேற்றில் ஒன்றாகப் புதைந்தவை என்கிறார். ஆறு கடலில் விழுந்த முகத்துவாரமாம். அபத்தம்! முதலில் காடு, காட்டை மூடிக் கடல், கடல் வற்றி மறுபடியும் காடு. ஏழு வருஷமாகப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். அவரைக் குருடர் என்று அச்சிலேயே ஏசியிருக்கிறேன். நான் தோற்றால் அதே பத்திரிகையில் மன்னிப்பு எழுத வேண்டும், அது பந்தயம்.

— அடேயப்பா, ரொம்ப பேஜாரு.

— அடுக்கின் வரிசைதான் என் சாட்சி. அதைக் கொன்றுவிட்டீரே! ஆட்டுத்தோலில் ஓட்டை தேடுகிற கண்ணுக்குப் பாறையின் அருமை என்ன தெரியும்?

— ஓட்டை தேடுற கண்ணுதான் வாத்தியாரே. சீட்ட ஏன் உரிக்கிறோம்னு கேக்கலியே நீங்க?

— கேட்டு ஆகப்போவது என்ன?

— சந்தையில சில பேரு ஓட்டை மேலயே சீட்ட ஒட்டி எங்க தலையில கட்டிடுவானுங்க. அதான்.

— இது தோல் அல்ல, கல்! கல்லில் ஏது ஓட்டை?

— அதத்தான் நானும் ரோசிச்சுக்கினு இருந்தேன். ஒரு கல்லு மட்டும் எந்த ரகத்துலயும் சேரல. தனியா எடுத்து வெச்சிருக்கேன்.

— எந்தக் கல்?

— ஏழாம் நம்பரு.

— ...அதை இப்படிக் கொடும். துணியில் சுற்றிக் கொடும், பாய்.

— குடுக்கிறேன், இருங்க. மத்த பத்து சீட்டும் கல்லோட முதுகுல ஒட்டியிருந்துச்சு. இது மட்டும் மூஞ்சிப் பக்கம், இலை மேலயே பதிஞ்சு கெடந்த ஒரு சிப்பிய சரியா மூடிக்கினு இருந்துச்சு, வாத்தியாரே.