கோலிக்குண்டு அளவு

இளையவள்: கையை இழுக்காதீங்கக்கா. என்ன இது, மணிக்கட்டுல கோலிக்குண்டு மாதிரி?

பெரியவள்: விடுடி. க்ரீம் உருகுது. கேக் வாங்க இப்ப வந்துடுவாங்க.

இளையவள்: வரட்டும். இந்த அனல்ல முழுக்கைச் சட்டை எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. ஒரே வீட்டுக்கு வந்த ரெண்டு மருமகளுங்க, ஒரே பேக்கரி... எனக்கே சொல்லல பாருங்க.

பெரியவள்: சொல்ற அளவுக்கு என்ன இருக்கு.

இளையவள்: அமுக்கட்டா?

பெரியவள்: மெதுவா.

இளையவள்: ரப்பர் பந்து மாதிரி இருக்கே... வலிக்குதா?

பெரியவள்: க்ரீம் பையைப் பிழியும்போது மட்டும் சுருக்குன்னும். மத்தபடி அது பாட்டுக்கு இருக்கு.

இளையவள்: டாக்டர்...

பெரியவள்: பார்த்தாச்சு. கண்ணுல பட்ட மறுநாளே போயிட்டேன். நீர்க்கட்டியாம்.

இளையவள்: உள்ள தண்ணியா?

பெரியவள்: ஜெல்லி மாதிரியாம். மூட்டுக்குள்ள வழவழன்னு ஒண்ணு இருக்குமில்ல, அது சின்னப் பையாட்டம் வெளியே புடைச்சுக்குமாம். விளக்கை அணைச்சிட்டு டார்ச் வச்சுக் காட்டினார். வெளிச்சம் உள்ளே புகுந்து செக்கச்செவேல்னு தெரிஞ்சுது.

இளையவள்: எதனால வருதாம்?

பெரியவள்: இதுதான்னு சொல்ல முடியாதாம்.

இளையவள்: அப்போ... அந்த மாதிரி வியாதி...

பெரியவள்: இல்லவே இல்லன்னுட்டார்.

இளையவள்: தொட்டுப் பார்த்தேவா சொன்னார்?

பெரியவள்: ஸ்கேனும் எடுத்தாங்க. தொந்தரவு இல்லேன்னா விட்டுடலாம், தானாவே கரைஞ்சாலும் கரையும்னார். ரொம்ப வலிச்சா ஊசியால உறிஞ்சுவாங்களாம். அப்பவும் திரும்ப வரலாம். ஆபரேஷன் கடைசியிலதான்... ஏன் சிரிக்கிறே?

இளையவள்: உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

பெரியவள்: அதை ஏன் கேக்கறே. தடிப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துட்டார், ஒரே போடு போட்டா அமுங்கிடும்னு. டாக்டர்கிட்ட சொன்னதும் தலையில அடிச்சுக்கிட்டார். அப்படி அடிச்சு எலும்பை உடைச்சுக்கிட்டு வர்றவங்களும் உண்டாம்.

இளையவள்: ஸ்கேன் எடுத்தா உடனே சொல்லிடுவாங்களாக்கா?

பெரியவள்: எனக்குச் சொன்னாங்க.

இளையவள்: கூட யாராவது இருக்க விடுவாங்களா?

பெரியவள்: விடுவாங்க... ஏண்டி?

இளையவள்: வலிக்காத கட்டின்னா நல்லதா, கெட்டதா?

பெரியவள்: கட்டி என் கையில. நீ என்ன, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேக்கறே?

இளையவள்: சும்மாதான்.

பெரியவள்: சும்மாவா? இந்தக் கேக்கைப் பாரு. ரோஜாப்பூ போடச் சொன்னா முட்டைக்கோஸ் போட்டு வச்சிருக்கே.

இளையவள்: வழிச்சிட்டு வேற போட்டுடறேன்க்கா.

பெரியவள்: இங்க பாரு. எங்க இருக்கு?

இளையவள்: மார்புல. இடது பக்கம்.

பெரியவள்: எத்தனை நாளா?

இளையவள்: ரெண்டு மாசமா... உங்க கொழுந்தனாருக்குக்கூடச் சொல்லல. உங்களுக்குத் தைரியம், மறுநாளே போயிட்டீங்க. எனக்கு இல்லக்கா.

பெரியவள்: ஏப்ரனைக் கழட்டு. கடையை நம்ம வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் பார்த்துக்கட்டும், நாம கிளம்பலாம். தைரியமாம் தைரியம்... மறுநாளேன்னு சொன்னது பொய்டி. நாலு மாசம் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். மூணு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். நாலாவது தடவை, யாருன்னே தெரியாத ஒரு நர்ஸ் என் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனா.