வெள்ளத்தாய் பிடுங்கச் சொன்ன கம்பு

எல்லாரும் உக்காந்தாச்சா? வெயில் ஏறுததுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன். ஆனா நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டாம இருந்தா, தூங்குதீகளா, இல்ல நான் சொல்லுதத நம்பலயான்னு எனக்குச் சந்தேகம் வந்துரும். எங்க வம்சமே சந்தேகப்படுத வம்சம். அது யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னுதான் இப்பச் சொல்லப் போறேன்.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தாதுவருசப் பஞ்சத்துக்கும் முந்தி, இதே செங்கமடையில வெள்ளத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போயி ஏழு வருசம். ஒத்த மக, அவளையும் மேலத்தெருவுல கட்டிக் குடுத்தாச்சு. அந்த மக வழியில வந்தவுகதான் நாங்க. வெள்ளத்தாய்க்குன்னு இருந்தது ஒரு சோடி உழவு மாடு, ஒரு செனைப் பசு, அதுகளக் கட்டுததுக்கு மாமனார் காலத்துத் தொழு. அம்புட்டுதான். அந்த மூணு சீவனை வச்சுத்தான் அவ கஞ்சி குடிச்சா.

ஆனா சந்தேகம்னா சந்தேகம், அப்படி ஒரு சந்தேகமாம் அவளுக்கு. வாசல்ல நின்னு எவனாவது "இன்னைக்கு மழை வரும் போல"ன்னு சொன்னா, "இவன் எதுக்கு இதை நம்மகிட்டச் சொல்லுதான்?"னு யோசிப்பாளாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா ரெண்டு நாளு யோசிப்பாளாம். ம் கொட்டுங்க.

தொழுவுக்கு மேக்க, சுவத்த ஒட்டி, அவ கொழுந்தன் மாடக்கண்ணு வீட்டு முத்தம். புருசனோட தம்பி. பாகம் பிரிச்சதுல சுவரு வெள்ளத்தாய்க்கு, முத்தம் அவனுக்கு. பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பக்கத்தையும் அவளே போயிச் செம்மண்ணும் சாணியும் போட்டு மெழுகிட்டு வருவாளாம். மெழுகாம விட்டா சுவரு அவனுதுன்னு ஆயிருமே! ஒரு மாசி மாசம், அவன் கருவேலங்கம்பு ஒண்ண, நல்லாத் தொடைப் பருமன், தன் முத்தத்துல ஊனி அவ சுவத்துல முட்டுக் குடுத்து வச்சானாம். இவ பாத்தா. "இன்னைக்குக் கம்பு. நாளைக்கு அந்தக் கம்புல ஒரு பந்தல். அடுத்த வருசம் சுவரே எனதும்பான்." ஊரக் கூட்டிட்டா. "பிடுங்கச் சொல்லுங்க!" மாடக்கண்ணு அத்தனை பேருக்கு முன்னால கம்பப் பிடுங்கி முத்தத்து மூலையில போட்டானாம். அன்னையில இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கெடையாது.

மாசி போச்சு, சித்திரை போச்சு, பெரட்டாசி வந்துச்சு. ஒரு நாள் காலையில பால் கறக்க உள்ள போனவ, பசு முதுகுல மண்ணு கெடக்குததப் பாத்தாளாம். அண்ணாந்து பாத்தா, நடு உத்திரம் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. கூரை மொத்தத்தையும் தாங்குதது அந்த ஒத்த உத்திரம்தான். ஐப்பசி மழைக்கு இருபது நாளு இருக்கு.

இப்ப அவ என்ன செய்ய? ஒட்டுப் போட்டு மாட்டக் கட்டுனா, மழையில விழுந்துச்சுன்னா மூணு சீவனும் போச்சு. இடிச்சுப் புதுசு கட்டுனா, மண்சுவரு காயுததுக்குள்ள மழை வந்துரும். செனைப் பசு நனைஞ்சுக்கிட்டு நிக்கும், அதுவும் தாங்காது. எப்படிப் பாத்தாலும் அவ கஞ்சியிலதான் மண்ணு விழுது. நாலு பேரக் கேட்டுருவோம்னு கெளம்பிட்டா.

மொதல்ல உலகநாத ஆசாரி வந்தாராம். வாசக்கால ரெண்டு தட்டுத் தட்டினாராம். "தாயி, இதுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு ஆப்பு அடிச்சு, ஒரு பலகை குடுத்தா இன்னும் பத்து வருசம் நிக்கும்."

வெள்ளத்தாய் தலைய ஆட்டிக்கிட்டா. மனசுக்குள்ள, "இந்த உத்திரத்தைத் தூக்கி வச்சது இவன் அப்பன்லா. இடிச்சா அப்பன் பேரு போயிரும்னு சொல்லுதான்"னு நெனைச்சுக்கிட்டாளாம்.

அடுத்தது அவ கூடப்பொறந்த தம்பி ஊர்க்காவலன். "எக்கா, எதுக்கு இடிக்கணும்? ஓலைய மாத்து, போதும்." அவன் சோடி மாடு மழைக்காலம் முழுக்க அக்கா தொழுவுலதான் நிக்கும். தொழு போச்சுன்னா எல்லா மாட்டையும் அவன்தான் எங்கயாவது கட்டியாகணும். இதையும் அவ மனசுல குறிச்சு வச்சுக்கிட்டா.

மாடக்கண்ண அவ கேக்கல. அவனா வந்தானாம், கெணத்தடிக்கு. இவகிட்டப் பேச முடியாதே! பசுவப் பாத்துச் சொன்னானாம். "ஏ மாடு, ஒங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லு. தொழுவ இடிக்கச் சொல்லு. ஒட்டு நிக்காது."

வெள்ளத்தாயும் பசுவப் பாத்துத்தான் பதில் சொன்னாளாம். "ஏ மாடு, நல்லாக் கேட்டுக்கோ. தொழு போனா யாரு வீட்டு வண்டிக்குக் குறுக்குப் பாதை கெடைக்கும்னு எனக்குத் தெரியும்."

பசு பாவம், ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சாம்.

வீட்டுக்கு வந்து யோசிச்சா, யோசிச்சா, அம்புட்டு யோசிச்சா. இருக்கச் சொல்லுதவனுக்கும் லாபம் இருக்கு. இடிக்கச் சொல்லுதவனுக்கும் லாபம் இருக்கு. யாரு சொல்லுத நம்ப? கடைசியில ஒரு வழி தோணிச்சாம். ஊரெல்லாம் சொல்லிவிட்டா. "வெள்ளிக்கெழமை காலையில என் தொழுவுக்கு வாங்க. வாசல்ல நின்னு வாயி எதையும் சொல்லும். உத்திரத்துக்குக் கீழ நின்னு சொல்லணும். அங்க நின்னு சொல்லுதத நான் கேப்பேன்."

வெள்ளிக்கெழமை வந்துச்சு. மாட்டையெல்லாம் அவுத்து வெளிய கட்டிட்டா. ஊரே கூடி நிக்குது.

"ஆசாரியாரே, உள்ள போயிச் சொல்லும்."

ஆசாரி உள்ள எட்டிப் பாத்தாராம். "தாயி, எங்க தொழிலுக்குத் தூர நின்னு பாத்தாத்தான் மட்டம் தெரியும்."

"பத்து வருசம் நிக்கும்னீரே, பத்து நிமிசம் நில்லும்." ஊரு சிரிச்சுச்சாம். ஆசாரி நகரல.

"ஏல ஊர்க்காவலா, நீ போ."

"எக்கா, எனக்குச் சளி புடிச்சிருக்கு. தொழு ஈரம் ஒத்துக்காது."

அவ மூஞ்சி சுண்டிப் போச்சாம். தம்பி, தன் மாட்டக் கட்டுத எடத்துல தான் நிக்க மாட்டேங்கான்.

அப்பத்தான் கூட்டத்த வெலக்கிக்கிட்டு மாடக்கண்ணு வந்தானாம். யாரும் கூப்பிடல. குனிஞ்சு உள்ள போயி, நேரா நடு உத்திரத்துக்குக் கீழ நின்னு, ஏழு மாசம் கழிச்சு மொத மொதல்ல அவள நேருக்கு நேராப் பாத்துப் பேசினானாம்.

"மதினி, தொழு போனா எனக்கு வண்டிப் பாதை கெடைக்கும். அது எனக்கு லாபம்தான், நான் மறைக்கல. ஆனா உத்திரம் போச்சு மதினி. இடிச்சிருங்க."

பொத்துன்னு அவன் தோள்ல மண்ணு விழுந்துச்சாம்.

வேற ஒருத்தியா இருந்தா அப்பவே நம்பியிருப்பா. இவ யாரு? "ஒமக்கு எப்படித் தெரியும்? இடிக்கத் தோதா நீரே எதுவும் செஞ்சு வச்சீரோ?"

"போயி எங்க முத்தத்துப் பக்கம் சுவத்தப் பாருங்க. நான் இங்கனயே நிக்கேன்."

கேட்டீகளா கதைய! மனுசன் விழப்போற உத்திரத்துக்கு அடியில நிக்கான், இவ சரிபாக்கப் போயிட்டாளாம்!

போயிப் பாத்தா. அவ பொங்கலுக்கு மெழுகுன மெழுகுல, கம்பு முட்டுக் குடுத்த எடம் கிண்ணம் பதிச்ச மாதிரிப் பள்ளமா இருக்கு. உச்சியில இருந்து ஒரு வெடிப்பு எறங்கி வந்து, அந்தப் பள்ளத்தை ரெண்டா பொளந்துக்கிட்டுக் கீழ போகுது. வெரல வச்சுப் பாத்தா. வெரல் உள்ள போயிருச்சு. கம்பு இருந்தப்ப வெடிப்பு இல்ல. கம்பப் பிடுங்கின பெறகு வந்த வெடிப்பு. அந்தக் கம்பு சுவத்தப் பறிக்க வந்த கம்பு இல்ல, சுவத்தத் தாங்க வந்த கம்பு. ஊரு முன்னால பிடுங்கச் சொன்னது இவ வாயி.

வெக்கம்னா வெக்கம், அப்படி ஒரு வெக்கமாம். திரும்பி ஓடி வந்தா, சீலை தடுக்க ஓடி வந்தா.

"வாரும்! வெளிய வாரும் கொழுந்தனாரே!"

"பதிலச் சொல்லுங்க மதினி. இடிக்கணுமா, வேண்டாமா?"

"இடிச்சிருவோம்யா! நீரு வெளிய வாரும்!" அழுதுட்டாளாம்.

வந்தான். மறுநா ஆறு பேரு வடத்தக் கட்டி இழுத்தாகளாம். ஒரே இழுவை. ரெண்டாவது இழுவைக்கு வேலையில்ல. உத்திரத்தப் பொளந்து பாத்தா உள்ள மரமே இல்ல, பூராம் கறையான் மண்ணு. ஆசாரி அதைக் கையில எடுத்து, "எங்கப்பா மேல தப்பில்ல"ன்னாராம். "நான் எப்ப இருக்குன்னேன்?"னாளாம் வெள்ளத்தாய்.

அந்த மழைக்கு அவ மாடெல்லாம் மாடக்கண்ணு தொழுவுலதான் நின்னுச்சு. பசு அங்கனயே கன்னு போட்டுச்சு. சந்தேகம் போயிருச்சுன்னா நெனைக்கீக? தெனமும் காலையில போயி, கன்ன மாத்திட்டானோன்னு காதப் புடிச்சுப் பாத்துட்டு வருவாளாம். மாடக்கண்ணு வெளக்கு மாடத்துப் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்குவானாம்.

தை பொறந்ததும் கெழக்கத் தள்ளிப் புதுத் தொழு கட்டினா. பழைய எடத்த அவன் வண்டிக்கு விட்டுக் குடுத்தா. அதுதான் நாம நடக்குத வெள்ளத்தாய் முடுக்கு. அந்தக் கருவேலங்கம்பையும் அவளே தூக்கியாந்து முடுக்கு வாசல்ல ஊனினாளாம். "இனிமே இந்த ஊர்ல யாரு யாருக்கு யோசனை சொன்னாலும், இந்தக் கம்பப் புடிச்சுக்கிட்டு, மொதல்ல தன் லாபத்தச் சொல்லணும். பெறகு யோசனையச் சொல்லணும்"னாளாம். அன்னையில இருந்து அதுதான் நம்ம ஊரு மொறை. மழை தின்னு, கறையான் தின்னு, கம்ப எத்தனை தடவை மாத்தி ஊனியாச்சோ தெரியாது. மொறை மாறல.

சரி, இப்ப நம்ம களத்துத் தானியக் கொட்டகைக்கு வருவோம். அத இடிக்கவா, வைக்கவான்னு முடிவு பண்ணத்தானே கூடியிருக்கோம். இந்தா, நான் கம்பப் புடிச்சுட்டேன். கொட்டகை போனா என் வீட்டுக்கு மேக்க இருந்து காத்து வரும், அது எனக்கு லாபம். இடிக்கணும்கிறேன்.

அடுத்து யாரு? எந்திரிச்சு வந்து கம்பப் புடிங்க.