ஊசிக் கீறல்

கிள்ளானிலிருந்து கிளம்பிய கொமுட்டர் ரயிலின் பெண்கள் பெட்டியில், எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மா தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"புது ஃப்ளாப்பி டிஸ்க் ஒவ்வொண்ணையும் நானே ஊசியால கீறித்தான் வித்தேன்."

"ஐயோ, ஏன்க்கா?"

"பண்டமாரான் லோரி கம்பெனிங்களுக்கு நான் எழுதின ப்ரோக்ராம் லா அது. ஒருத்தன் வாங்கினா பத்து பேர் காப்பி அடிப்பானுங்க. உள்ள இருக்கறத காப்பி அடிக்கலாம், கீறல காப்பி அடிக்க முடியுமா? தொறந்ததும் ப்ரோக்ராம் அந்தக் கீறின எடத்துல எழுதிப் பார்க்கும். எழுத முடிஞ்சா அது திருட்டு டிஸ்க். அப்படியே நின்னுரும்."

"அந்தப் பூட்ட யாரும் உடைக்கலையா?"

"சுபாங் ஜெயாவுல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன் மாசக்கணக்கா முட்டி மோதினான். கடைசியில என்கிட்டயே வந்து வாங்கிட்டுப் போனான்."

தோழி சிரித்தார். "இப்ப ஒண்ணாச்சும் வச்சிருக்கீங்களா?"

"எழுதின கம்ப்யூட்டர் எப்பவோ போச்சு. மிச்சம் இருந்த ஒரே டிஸ்க்கும் போன வருஷம் பூஞ்சை புடிச்சிருச்சு."

"அடடா! ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாமே, அக்கா?"

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடுத்துப் பார்த்தேன். என்னையும் உள்ள விடல."