எட்டாயிரம் தள்ளுபடி

— இதுவரைக்கும் எழுதினதைப் படிக்கிறேன், ரெண்டு பேரும் கேளுங்க. ‘இன்று காலை தங்கள் கிளை அலுவலகத்தில் இருந்தோர்: மேசைக்கு அந்தப் பக்கம், சுழல் நாற்காலியில், கிளை மேலாளர். இந்தப் பக்கம், கைப்பிடி உடைந்த நாற்காலியில், கடன் வாங்கிய என் மனைவி. அவளுக்கு இடப்புறம் முக்காலியில், இதை எழுதும் நான்.’

— ஏங்க, கைப்பிடி உடைஞ்சது எதுக்கு இதுல? அதையும் நான்தான் உடைச்சேன்னு என் கணக்குல ஏத்திடப் போறாங்க.

— யார் எங்கே உட்கார்ந்து பேசினாங்கன்னு முதல்ல எழுதிட்டா, நாளைக்கு ஒருத்தரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ன்னு சொல்ல முடியாது. எங்க பள்ளிக்கூடத்துல கடிதம்னா அப்படித்தான் ஆரம்பிக்கச் சொன்னாங்க.

— ஐயா, தலைமை அலுவலகத்துல நாலு வரிக்கு மேல படிக்க மாட்டாங்க.

— அப்ப அவரை விடுங்க சார், நான் நாலு வரியில சொல்றேன். நாங்க பழைய இரும்புக் கடை. எடை மெஷின் வாங்க உங்க ஃபைனான்ஸ்ல தவணைக்குக் கடன் எடுத்தோம். நடுவுல வியாபாரம் படுத்துடுச்சு, தவணை நின்னுபோச்சு. நேர்ல வந்தேன், பேசினேன், பாக்கியில எட்டாயிரத்தைக் குறைச்சீங்க. மிச்சத்தை அன்னைக்கே கட்டி முடிச்சேன். இப்ப எங்க கடை இருக்கிற கொட்டகையை அதோட முதலாளி விக்கிறாரு. அதை நாங்களே வாங்கிக்கலாம்னு பேங்க்ல கடன் கேட்டா, ‘உங்க கடன் வரலாற்றுல கறை இருக்கு, முதல்ல அதை எடுத்துட்டு வாங்க’ங்குறான். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலைன்னா கொட்டகை பிளைவுட் கடைக்காரருக்குப் போயிடும். நாங்க தராசைத் தலையில தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்கணும். நாலு வரி தாண்டிடுச்சா?

— தாண்டிடுச்சும்மா. பரவாயில்ல.

— அந்தக் கறையோட வாசகம் என்ன சார்? அப்படியே எழுதிக்கிறேன்.

— ‘முழுத்தொகை செலுத்தாமல் முடிக்கப்பட்டது.’

— முடிக்கப்பட்டதுதானே! முடிச்சாச்சுல்ல!

— முடிச்சீங்கம்மா. முழுசா முடிக்கல. அந்த எட்டாயிரம் விட்டுப்போனது, விட்டுப்போனதுதான்.

— விட்டுப்போகல, விட்டுக் கொடுத்தீங்க. சரி, வாதம் வேணாம். இந்தாங்க எட்டாயிரம். எண்ணிக்கோங்க.

— வாங்க முடியாதும்மா.

— பத்தாயிரம்.

— அம்மா...

— பன்னெண்டு. இதுக்கு மேல இன்னைக்குக் கையில இல்ல. நாளைக்குச் செம்பு லோடு போகுது, அதுல ஒரு மூணு சேர்த்துத் தர்றேன். பதினஞ்சு. ஆகட்டும்னு சொல்லுங்க.

— மூடின கணக்கும்மா. நான் பணத்தை வாங்கினாலும் அதுல வரவு வைக்க இடம் கிடையாது. கம்ப்யூட்டர் எடுத்துக்காது.

— இதையும் எழுதிக்கிறேன். ‘என் மனைவி தானே முன்வந்து விலையை ஏற்றிக் கேட்டாள்.’ சார், பல் பிடுங்கப் போன இடத்துல ரெண்டு பல்லா எடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டவ இவ. விலையை ஏத்திக் கேட்டு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

— சிரிங்க, சிரிங்க. நுணலும் தன் வாயால கெடும்பாங்க, நான் பேரத்தால கெட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து இவர்கிட்ட எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா? இரும்புல எட்டாயிரம் சம்பாதிக்க நாங்க எத்தனை வண்டி ஏத்தி இறக்கணும்! ஆமா, அன்னைக்கு இதே நாற்காலியில இருந்தது நீங்கதானே சார்? ‘பெரிய கெட்டிக்காரிம்மா நீங்க’ன்னு சொன்னீங்களே. பின்னால இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— அப்ப எனக்கும் தெரியாதும்மா.

— கடன் கொடுக்குறவருக்குத் தெரியாதாம்! பாலைக் குடிச்ச பூனை, பானையையே பார்க்கலன்னுச்சாம்.

— நீ கொஞ்சம் சும்மா இரு. அவரைக் கோபப்படுத்தி என்ன ஆகப்போகுது?

— நான் சும்மா இருந்தா கறை போயிடுமா? போன மாசம் ஒரு தடவை எழுதிப் போட்டோம். ‘கணக்கு முடிந்துவிட்டது. பதிவை மாற்ற இயலாது.’ ரெண்டே வரியில பதில். அடியில யார் கையெழுத்து? இவரோடதுதான்!

— மேலிடத்துல முடிவு பண்ணி அனுப்புவாங்கம்மா. அடியில கையெழுத்துப் போட வேண்டியது கிளை மேலாளர் வேலை. எனக்கு அதிகாரம்னு இருக்கிறது அந்தப் பேனா மட்டும்தான்.

— அப்ப இந்தத் தடவையும் அதே பதில்தானா?

— இந்தத் தடவை வேற மாதிரி எழுதிப் பார்ப்போம். ஐயா, நாற்காலியை எல்லாம் அடிச்சிடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. ‘தள்ளுபடியை நான் சலுகை என்று நம்பினேன். அது கறையாகும் என்று எவரும் சொல்லவில்லை. கட்ட மனமில்லாதவர்களின் வரிசையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். விவரம் தெரியாதவர்களுக்கென்று ஒரு வரிசை இருந்தால், அதில் நிற்கச் சம்மதிக்கிறேன்.’

— அடடா! என்ன வாக்கியம் சார்! ஒரு இடத்துலகூடத் தயங்காம வந்துச்சே.

— வந்துடுச்சுங்க. அம்மா, இங்க கையெழுத்துப் போடுங்க.

— போட்டுட்டேன். படிக்கிறவங்க மனசு கரையும்ல சார்? கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும்பாங்களே.

— மடிங்க ஐயா, கூரியர்காரர் வாசல்ல நிக்கிறாரு.

— பொறுங்க சார், விளிம்போட விளிம்பு சேரணும். மூணா மடிச்சுட்டேன். பசை தடவியாச்சு. முகவரி சரி. நீயும் உன் கைராசிக்கு ஒரு தடவை அழுத்திவிடு.

— கைராசியா? என் கைராசிதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. கொடுங்க. ம், ஒட்டிக்கிச்சு.

— இந்தாங்க தம்பி, தலைமை அலுவலகப் பையில போட்டுடுங்க. அவசரம்னு சொல்லுங்க.

— போயிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வந்துடுமா சார்?

— பதில் சீக்கிரம் வந்துடும்மா. அதுல குறையே வைக்க மாட்டாங்க.

— சார், ஒண்ணு கேட்கலாமா? நானும் ஊருல எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த வாக்கியம் இன்னைக்கு யோசிச்சது இல்ல. முன்னாடியே யாருக்கோ எழுதினது.

— எனக்கு எழுதிக்கிட்டதுங்க. உங்க வீட்டம்மாவுக்குக் குறைச்சுக் கொடுத்த அதே வாரம், இங்கேயே எடுத்த என் வண்டிக் கடன்லயும் அதே தள்ளுபடியை வாங்கிக்கிட்டேன். நானும் கெட்டிக்காரன்னு நினைச்சுட்டேன்.

— ஐயோ. அப்ப நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? நான் பூனை அது இதுன்னு... மன்னிச்சுக்கோங்க சார். உங்களுக்கு என்ன பதில் வந்துச்சு?

— உங்களுக்கு வந்த அதே ரெண்டு வரிதாம்மா. நானே கையெழுத்துப் போட்டு, நானே வாங்கிக்கிட்டேன்.