ஆளில்லாத பெஞ்சு

– அக்கா, அந்த மூலைய மூணு தடவ கூட்டிட்டீங்க. இலை என்ன பாவம் பண்ணுச்சு?

– விழுந்துக்கிட்டே இருக்கே சார். நீங்க மெதுவா சாப்பிடுங்க. அது என்ன, கம்ப்யூட்டர்ல படம்? அம்மை போட்ட மாதிரி இருக்கு.

– நம்ம யுனிவர்சிட்டிதான். பதினாலாயிரம் பேரு, யாரு எங்க எவ்வளவு நேரம் இருக்காங்கன்னு செல்போன் சிக்னல வச்சு எண்ணியிருக்கேன். ஒரு போனுக்கு ஒரு புள்ளி. கூட்டம் கூடற இடத்துல நிழல், தண்ணி, பெஞ்சு போடுவோம். கூடாத இடத்துல இருக்கறத எடுத்துருவோம். நாலு மாச வேலை. என் ரெண்டு புள்ளைங்க இப்ப எங்க இருக்குன்னு கேட்டுராதீங்க, தெரியாது.

– இந்த லைப்ரரி பின்பக்கம் எப்படி சார்?

– சுத்தமா வெள்ளை. மூணு மணிக்கு மீட்டிங். பெஞ்சையும் மரத்தையும் எடுத்துட்டு பைக் ஷெட்டு போடப் போறோம்.

– மரத்தையுமா?

– யாரு உக்கார்றா இங்க?

– நாங்க ஒம்பது பேரு. மத்தியானம் சாப்பிடறது இங்கதான். கேன்டீன்ல இந்த யூனிபார்மோட உக்காந்தா பக்கத்து மேசை காலியாயிடும்.

– ஒம்பது பேரா? ஒரு புள்ளிகூட விழலையே.

– எங்க போனையெல்லாம் காலைல சூப்பர்வைசர் வாங்கி வச்சுக்குவாரு. சாயங்காலம்தான் கைக்கு வரும்.

– போச்சு. நாலு மாசமா நான் எண்ணினது மனுஷங்கள இல்ல, செல்போனுங்கள. இதுக்கு ரெண்டு பட்டம் வேற வாங்கி வச்சிருக்கேன்.

– விடுங்க சார், யாருக்குத் தெரியும்.

– இருங்க, இருங்க. கண்ணாலயும் சரிபாத்தேனே. பதினஞ்சு நாளா ஒன்றரை மணிக்கு இந்த சாப்பாட்டு டப்பாவத் தூக்கிட்டு வந்து இதே பெஞ்சுல உக்கார்றேன். ஈ காக்கா இல்ல.

– நீங்க உக்காந்திருக்கீங்களே சார்.

– அதனால என்ன? என்னப் பாத்து என் வீட்டுப் பூனையே பயப்படாது.

– கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்குதில்ல. மொத நாளு, சரி, சார் எந்திரிச்சதும் போவோம்னு ஒதுங்கினோம். அப்புறம் நீங்க தினமும் வந்தீங்க.

– அடக் கடவுளே. சரி, எல்லாரையும் கூப்பிடுங்க. ஒவ்வொரு தலையா எண்ணி, கையாலயே எழுதி, மீட்டிங்ல வைக்கறேன். மத்த எட்டுப் பேரும் இப்ப எங்க?

– மோட்டார் ரூமுக்குப் பின்னாடி, வெயில்ல நிக்கிறாங்க சார். நீங்க டப்பாவ மூடிட்டீங்களான்னு பாத்துட்டு வரத்தான் என் கையில தொடப்பத்தக் குடுத்து அனுப்பினாங்க.