செத்தவர்களையும் சேர்த்து நாற்பத்தொன்று

1943 ஜூன் 27. ஞாயிறு. காலை ஏழு மணி. அது தோக்கியோ நேரம். சயாமின் வானத்துக்கு ஐந்து மணிதான். கனமழை. ஓடுகிறோம்.

"வெடி! படுங்கடா! படு!"

கங்காணியின் குரல். சேற்றில் விழுகிறேன். மூன்று வெடிகள். முதல் இரண்டுக்கும் நடுவே நான்கு நொடி. மூன்றாவது உடனே. மழையோடு சேர்ந்து கல் விழுகிறது. எழுந்து பார்க்கிறேன். முனுசாமிக்கு இடது கால் இல்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட ஜப்பானியர் மலையை உடைத்தார்கள். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து நாற்பத்தொரு ஆண்களைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். அப்பாவும் நானும் அதில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது. ஏழாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அதனால் எங்கள் கொட்டகையின் பெரட்டுப் புத்தகம் என்னிடம். தோட்டத்தில் காலையில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்போம். முகாமிலும் அதே சொல்தான்.

வேலைக்குப் போகிறவருக்கு ஒரு டின் அரிசி. படுக்கையில் கிடப்பவருக்கு அரை டின். மாலையில் அளப்பார்கள்.

முனுசாமியைக் கொட்டகைக்குத் தூக்கிப்போகச் சிப்பாய் கைகாட்டினான். புத்தகத்தில் 'படுக்கை' என்று எழுதினேன். வாசலுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. அழிக்கப் போனேன். கங்காணி என் கையைப் பிடித்தார்.

"அழிக்காதடா. உசுரோட இருக்கிறவன் வாய்லயாவது போகட்டும்."

அழிக்கவில்லை.

பிறகு காலரா வந்தது. சிப்பாய்கள் கொட்டகைக்குள் நுழையவே பயந்தார்கள். இருபது அடி தள்ளி நின்று எண்ணிக்கை கேட்டார்கள். வேலைக்கு இத்தனை பேர். படுக்கையில் இத்தனை பேர். எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தொன்று. செத்தவர்களை மூங்கில் புதருக்குப் பின்னால் புதைத்தோம். அடையாளம் வைக்கவில்லை. யாரும் வாய்விட்டு அழக் கூடாது. அழுதால் அரிசி குறையும்.

ஜூலை 9. வெள்ளி. விடிவதற்குச் சற்று முன். அப்பா. துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். அன்று மாலை அவர் பேரில் அரை டின் வாங்கினேன்.

ஜூலை 28. புதன். புதிதாக ஓர் அதிகாரி வந்தார். மூக்கில் துணி கட்டியிருந்தார். படுத்திருப்பவர்களையும் வெளியே கொண்டுவரச் சொன்னார். ஒன்பது பேர் நின்றோம். நான்கு பேரைத் தூக்கிவந்து கிடத்தினோம். பதின்மூன்று. புத்தகத்தில் நாற்பத்தொன்று. உண்மையைச் சொன்னால் அரிசி திருடிய குற்றம். தலை போகும். "ஓடிட்டாங்க, ஓடிட்டாங்க" என்று கங்காணி கத்தினார். அதிகாரி என்னைப் பார்த்தார். எழுது என்று சைகை. இருபத்தெட்டுப் பெயர்களுக்கு எதிரே 'ஓடிப்போனார்' என்று எழுதினேன். பதினேழாவது பெயர் அப்பா.

அந்த வாரமே கங்காணி உட்படப் பன்னிரண்டு பேரை வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரையும் பிறகு பார்க்கவில்லை. போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவன் நான் மட்டும்.

2004 ஆகஸ்டு 15. ஞாயிறு. காலை பத்து பத்து. லண்டன், வெம்பிளி. தூறல். வீட்டில் நான் ஒருவன்.

சட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம். அதன் முற்றத்தில் ஒரு கல். அந்த ரயில்பாதையில் செத்த ஆங்கிலச் சிப்பாய்களின் பெயர்கள் செதுக்கியது. அறுபத்து மூன்று. ஆறு வருடமாக ஒவ்வோர் ஆகஸ்டிலும் போகிறேன். ஒவ்வொரு முறையும் எண்ணுகிறேன். 2001இல் சயாமுக்கே போய் வந்தேன். சிப்பாய்களின் கல்லறைகள் வரிசையாக இருந்தன. சுற்றிலும் பூச்செடி. எங்கள் கொட்டகை எங்கே என்று வழிகாட்டியைக் கேட்டேன். மரவள்ளித் தோட்டம் ஒன்றைக் காட்டினான். நான்கு நிமிடம் நின்றேன். பஸ்ஸில் ஆரன் அடித்தார்கள்.

இந்த வருடம் தேவாலயத்தில் நினைவுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். கூலிகளின் பெயரும் எழுதலாம். ஆனால் இறந்த தேதி இல்லாத பெயரை ஏற்கமாட்டார்கள். இன்று பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

பெயர்களைத் தாளில் எழுதி மூன்று வாரம் ஆயிற்று. முனுசாமி, அப்பா. இந்த இரண்டு தேதிகள்தான் தெரியும். இருபத்தாறு கட்டங்கள் காலி. அந்தத் தேதிகளை எழுதாமல் மறைத்தவனே நான்.

மகன் மான்செஸ்டரிலிருந்து பேசினான். "அப்பா, தண்டவாள வேலையாம். உங்க பக்கம் ரயில் ஓடல. அடுத்த வருசம் போலாம்லா."

"எனக்கு எழுபத்தேழுடா" என்று போனை வைத்துவிட்டேன்.

வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பின்னால் தாளோடு உட்கார்ந்தேன். தேதி வரவில்லை. அரிசி வந்தது. ஒவ்வொருவரும் செத்த பிறகு அவர் பேரில் எத்தனை அரை டின் வாங்கினேன் என்று தெரியும். பசித்தவன் அதை மறப்பதில்லை. முனுசாமிக்கு முப்பத்தொன்று. அந்த அரிசி நின்ற ஜூலை 28இலிருந்து முப்பத்தொரு நாள் பின்னால் போனேன். ஜூன் 27. சரி. அப்பாவுக்குப் பத்தொன்பது. ஜூலை 9. சரி. மற்றவர்களை எண்ணத் தொடங்கினேன். வாய்விட்டு எண்ணியிருக்கிறேன்.

"என்னய்யா, பின்னால இருந்து அரிசிக் கணக்குப் பாக்கிறியள்? ஊரில கடை வச்சிருந்தனீங்களோ?"

சொன்னேன். அறுபத்தொரு வருடத்தில் முதல் தடவை. முழுவதும் சொன்னேன். இரண்டு சிக்னல் தாண்டிக் கேட்டார்.

"ஓடிப்போனவை எண்டு எழுதினா, வீட்டில ஆக்கள் பாத்துக்கொண்டெல்லோ இருந்திருப்பினம்?"

அடுத்த கட்டத்தில் தேதியை எழுதினேன்.

"என்ர அண்ணையும் காணாமல் போனவர்தான், ஐயா. அம்மா இண்டைக்கும் கேற்றைப் பூட்ட விடுறா இல்லை."

என் அம்மாவிடமும் நான் ஓடிப்போனார் என்றுதான் சொன்னேன். செத்தார் என்றால் நீ எப்படிப் பிழைத்தாய் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். தேதி இல்லாததால் திதி இல்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. 1967இல் செத்தாள். அந்தப் பொட்டோடு தூக்கிக்கொண்டுபோனோம்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு, இருபத்தாறு கட்டமும் நிரம்பிய தாளோடு இறங்கினேன். ஓட்டுநருக்கு வேறு அழைப்பு வந்திருந்தது. போய்விட்டார்.

புத்தகத்தின் பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அவருடைய தகப்பனார் கல்லில் நாற்பதாவது பெயர். என் தாளை மேலிருந்து கீழே படித்தார்.

"இவ்வளவு தேதிகளும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்களுடைய அரிசியைச் சாப்பிட்டேன்" என்றேன்.

காரணத்தையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெகுநேரம் தாளையே பார்த்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

எழுதினேன். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. பதினேழாவது வரியில் மட்டும் கை நின்றது. பிறகு எழுதியது. வெளியே வந்து கல்லின் முன் நின்றேன். மழை வலுத்திருந்தது. முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

தோட்டத்திலிருந்து போனவர்கள் நாற்பத்தொன்று. இன்று இறந்தவர்களாக எழுதப்பட்டவர்கள் இருபத்தெட்டு. இன்னும் எழுதப்படாதவர்கள் பன்னிரண்டு. அவர்கள் பேரில் நான் அரிசி வாங்கவில்லை. அதனால் தேதி இல்லை. மீதி நான் ஒருவன். அப்பா பேரில் சாப்பிட்டது பத்தொன்பது அரை டின். அதற்காக அம்மா பொட்டோடு வாசலைப் பார்த்திருந்தது இருபத்திரண்டு வருடம்.