றோட்டுக்கரை வல்லாரை

வல்லாரையை வேரோடு பிடுங்கக் கூடாது, ஐயா. தண்டைப் பிடித்துக் கிள்ளினால் பத்து நாளில் மறுபடி தழைத்துவிடும். மலையகத்தில் இருந்து என் அம்மா கொண்டுவந்த அறிவு அது. கொண்டுவர அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

பூவரசங்குளத்தில் நாங்கள் இரண்டு தலைமுறையாக மற்றவர்களின் வயலில் வேலை செய்தவர்கள். எங்கள் பெயரில் ஓர் அடி காணி கிடையாது. என் வீட்டுக்காரர் எங்களை விட்டுப்போனார், அறுவடை வேலை மெசினுக்குப் போனது. எனக்கும் என் மகள் கஜேந்தினிக்கும் மிஞ்சியது குடிசைக்கும் தார் றோட்டுக்கும் நடுவில் கிடந்த துண்டு நிலம்தான். அதில் வல்லாரை வைத்தேன். முன்பள்ளியில் காலையில் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி கொடுப்பார்கள். தர்மிளா ரீச்சர் இரக்கப்பட்டு, இலை கொடுக்கும் வேலையை எனக்குத் தந்தார்.

மேட்டில் ஒரு கொட்டில் இருந்தது. பழைய லொறி பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். மழை பெய்தால் சாம்பலும் தண்ணீரும் என் பாத்திக்குத்தான் வரும். பிறகு கொட்டிலை மூடினார்கள், மண் அங்கேயே கிடந்தது.

போன வருடம் கம்பஸில் படிக்கிற ஒரு பெண் வந்து மண் எடுத்துப்போனாள். நல்ல பெண். முடிவைச் சொல்லவென்றே திரும்பி வந்து, பாத்தியோரம் குந்தினாள்.

“அக்கா, இந்த மண்ணில ஈயம் சரியான கூட. இலை வகை ஒண்டும் வையாதேங்கோ. சின்னப் பிள்ளையளுக்கு மூளையைத் தாக்கும்.”

“கழுவினாப் போகாதோ, பிள்ளை?”

“உள்ளுக்க ஏறினது கழுவிப் போகாது, அக்கா.”

“ஓம்,” என்றேன்.

ஒரு கிழமை இலை பிடுங்கவில்லை. வேறு இடம் தேடி அலைந்தேன். காட்டோரம் முழுக்க வன இலாகாக்காரர் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். வயல்காரர்கள் கையை விரித்தார்கள். ஏழாம் நாள் வீட்டில் வெறும் தேத்தண்ணி. கஜேந்தினி பசியில் தன் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பசியைப் பற்றிய பயம் ஒன்றுதான் இருந்தது, ஐயா. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எட்டாம் நாள் இலை கிள்ளினேன். உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். என்னைப்போல் இலை கழுவுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை.

அதே முன்பள்ளிக்குப் போகும் கஜேந்தினியிடம் மட்டும், “கஞ்சி உனக்குச் சரிவராது, குடியாத,” என்று சொல்லி அனுப்பினேன். அவள் சொல் கேட்கிற பிள்ளை.

கடைக்காரர் பாறூக்கின் மகள் இஷ்ராவும் அவளும் அங்கே ஒரே பாயில் இருப்பவர்கள். இஷ்ராவின் தாய் சபூறா பெருநாளுக்கு எங்களுக்கு வட்டிலப்பம் அனுப்புவார். முன்பள்ளியிலேயே இஷ்ராவுக்கு வலிப்பு வந்தது. இரத்தத்தில் ஈயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது அவளுக்குத் தன் பெயரைச் சொல்லவே நேரம் எடுக்கிறது.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத் தாளில் ‘அறியாமையால்’ என்று இருக்கிறது. அதை வெட்டிவிடுங்கள். இருபது பிள்ளைகளில் இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றும் கேட்டீர்கள். அதற்கும் எனக்குப் பதில் தெரியும்.

இஷ்ரா விழுவதற்கு இரண்டு மாதம் முந்தி ஒரு மத்தியானம், கஜேந்தினி சோறு தின்றுகொண்டே சொன்னாள்:

“அம்மா, என்ர கஞ்சியை நான் இஷ்ராவுக்குக் குடுக்கிறனான். அவளுக்கு விருப்பம். ரெண்டு கோப்பையும் குடிப்பாள்.”

அப்போதே இஷ்ராவுக்கு வயிற்றுவலி தொடங்கியிருந்தது. சபூறா என்னிடம்தான் வந்து கேட்டார். ஓமம் அவித்துக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். கொடுக்காதே என்றால் மகள் கஞ்சியைக் கீழே ஊற்றுவாள், ஊற்றினால் ரீச்சர் காரணம் கேட்பார், கேட்டால் இலை வேண்டாம் என்பார். எல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டு அவள் தலையைத் தடவினேன்.

“குடு, பிள்ளை. இருக்கிறதைப் பகிர்ந்து குடுக்கிறது நல்ல பழக்கம்,” என்றேன்.